புயல் கூண்டு ஏறினால் மாடித் துணி இறங்க வேண்டும்!

தோட்டப் பந்தலுக்குப் புதுத் துணி வாங்குவோர் கவனத்துக்கு...

சென்னை:

நாலு இரும்புக் கால். மேலே கூம்பாக ஒரு துணிக் கூரை. அடியில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு டீப்பாய். கடைக்காரர்கள் இதற்கு 'கசீபோ' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் தோட்டப் பந்தல்.

ஒரு காலத்தில் பங்களாத் தோட்டங்களுக்கே உரிய சமாசாரம் இது. தோட்டங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் வந்தன. பந்தலும் கூடவே மாடி ஏறிவிட்டது. அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரி என்று அங்கங்கே அண்ணாந்து பார்த்தால் மொட்டை மாடியில் ஒரு துணிக் கூரை தெரிகிறது. சாயந்திரம் காப்பி குடிக்க, குழந்தைகள் விளையாட, ஊறுகாய் ஜாடிக்குக் காவல் இருக்க வசதியான இடம்தான்.

இரும்புக் கால் பல வருஷம் தாங்கும். துணிதான் தாங்காது. இரண்டு கோடை, இரண்டு மழை பார்த்ததும் சாயம் வெளுக்கிறது. தையல் விடுகிறது. ஒரு நாள் காற்றில் 'டர்'ரென்று கிழிகிறது.

"என்னங்க, மேலே துணி கிழிஞ்சு போச்சு. வேற வாங்கிப் போடுங்க" என்று வீட்டில் உத்தரவு வருகிறது. வீட்டுக்காரரும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார். எந்தக் கலர் என்பதுதான் அவர் மனசில் ஓடும் ஒரே கேள்வி.

கலர் கடைசி விஷயம். முதலில் பார்க்க வேண்டியது காற்று!

ரோட்டில் போவோர் தலைக்கு ஆபத்து

தரையில் நிற்கிற பந்தல் காற்றில் பிய்த்துக்கொண்டால், பக்கத்துச் செம்பருத்திச் செடியில் போய் மாட்டும். நாலாவது மாடியில் நிற்கிற பந்தல் பிய்த்துக்கொண்டால்? கீழே ரோடு. ரோட்டில் சைக்கிளும் ஸ்கூட்டரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்!

2019-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி பள்ளிக்கரணையில் நடந்ததை நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரோட்டின் நடுத்தடுப்பில் கட்டியிருந்த பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் மீது விழுந்தது. நிலை தடுமாறிக் கீழே விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. துடிதுடித்து இறந்தார். பேனர் என்பதும் ஒரு துணிதான். ஒரு துணி ஓர் உயிரைக் குடிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே பழைய துணியை மாற்றுகிற நேரம், பந்தலின் பத்திரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டிய நேரம்.

காற்றின் கணக்கு

காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதன் பலம் நாலு மடங்கு ஆகும்.

பத்து அடிக்குப் பத்து அடி பந்தலை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அந்தத் துணி மீது விழும் பலம் சுமார் 110 கிலோ வரை வரும். அதே காற்று 100 கிலோ மீட்டர் வேகம் பிடித்தால் 110 கிலோ, 220 ஆவதில்லை. ஒரே தாவலில் 440 கிலோ ஆகிவிடும்! இது தோராயக் கணக்கு. காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, கூரையின் சரிவு எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

மொட்டை மாடித் தளத்தில் ஓட்டை போட்டு ஆணி இறக்கினால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஒழுகும். அதற்குப் பயந்து பலர் பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கான்கிரீட் போட்டு, நாலு காலையும் அதில் நட்டு வைக்கிறார்கள். 20 லிட்டர் வாளி நிறையக் கான்கிரீட் போட்டால் சுமார் 48 கிலோ. நாலு வாளிக்கு 190 கிலோ சொச்சம்.

சாதாரணக் காற்றுக்கு இது போதும். 100 கிலோ மீட்டர் காற்றுக்கு? கூட்டிக் கழித்துப் பாருங்கள். வாளியும் சேர்ந்து பறக்கும்! அதற்கு முன்பே பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்த்துவிடவும் கூடும்.

சென்னையில் அப்படிக் காற்று வருமா என்று கேட்பவர்கள் 2016 டிசம்பர் 12-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். வர்தா புயல் நகரைக் கடந்த நாள் அது. 100 கிலோ மீட்டருக்கும் மேல் அடித்த காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. சென்னையில் கட்டடம் கட்டும் என்ஜினீயர்கள், ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதிப்படி எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோ மீட்டர்! அந்தக் காற்றைத் தாங்குகிற துணிப் பந்தல் எதுவும் வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்காது.

உச்சியில் ஓர் இடைவெளி

மெரினா கடற்கரையில் குடை பிடித்தவர்களுக்கு இது தெரியும். காற்று அடியில் புகுந்தால் குடை மேல் நோக்கித் திரும்பிக்கொள்ளும். பந்தலும் ஒரு பெரிய குடைதான்.

அதனால்தான் நல்ல பந்தல்களின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சின்னக் கூரை தனியாக இருக்கும். பெரிய துணிக்கும் இந்தத் தொப்பிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் புகுந்த காற்று அந்த வழியாக வெளியேறும். சித்திரை மாத வெயிலில் கூரைக்கு அடியில் தங்கும் சூடும் அந்த வழியாகத்தான் போகும்.

"ரெண்டு அடுக்குக்கு ரெண்டு தையல் கூலி ஆகும் சார், ஒரே துணியாப் போட்டுடலாம்" என்று கடையில் சொன்னால் தலையை ஆட்டிவிடக் கூடாது. பழைய துணி இரண்டு அடுக்கு என்றால் புதுசும் இரண்டு அடுக்காகவே இருக்கட்டும். ஓர் அடுக்குத்தான் இருந்தது என்றால், இந்தத் தடவை இரண்டாக மாற்றுவது புத்திசாலித்தனம்.

பக்கத் திரையை மூன்று பக்கமும் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. அது பந்தல் அல்ல, பாய்மரக் கப்பல்!

"பத்துக்குப் பத்து" என்றால் என்ன?

பாரிமுனை சுற்றுவட்டாரத்துத் தார்ப்பாய்க் கடைகளில் இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்:

"என்ன சைஸ் சார்?"

"பத்துக்குப் பத்துண்ணே."

"எங்கே இருந்து எங்கே சார் அளந்தீங்க?"

இங்கேதான் பலர் விழிக்கிறார்கள். காலுக்குக் கால் பத்து அடியா, கூரை விளிம்புக்கு விளிம்பு பத்து அடியா? இரண்டும் வேறு. விளிம்பு வெளியே நீண்டிருந்தால் அரை அடி, ஓர் அடி வித்தியாசம் வந்துவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில பந்தல்கள் அடிக் கணக்கில் செய்யப்படுகின்றன. சில, மீட்டர் கணக்கில். பத்து அடி என்பது 304.8 சென்டி மீட்டர். மூன்று மீட்டர் என்பது 300 சென்டி மீட்டர். மூன்று மீட்டர் துணியைப் பத்து அடிச் சட்டத்தில் இழுத்து மாட்டினால், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறையும். பலவந்தமாக இழுத்துக் கட்டினால் முதல் காற்றிலேயே மூலைத் தையல் பிரியும்.

பழைய துணியை விரித்துப் போட்டு அளப்பதும் தப்பு. பழைய துணி வெயிலில் தொய்ந்திருக்கும், அல்லது மழையில் சுருங்கியிருக்கும். அளக்க வேண்டியது இரும்புச் சட்டத்தைத்தான்:

1. கூரை விளிம்பின் நாலு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

2. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. சதுரப் பந்தலோ நீள்சதுரப் பந்தலோ, இரண்டு குறுக்களவும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டமே கோணிவிட்டது என்று அர்த்தம். முதலில் வெல்டிங் கடை, பிறகுதான் துணிக்கடை.

3. மூலையில் இருந்து உச்சி வரை கம்பி மேலேயே டேப்பை ஓட்டி ஒரு சாய்வளவு.

4. உச்சித் தொப்பியின் நாலு பக்க அளவு, இடைவெளியின் உயரம்.

5. விளிம்பில் தொங்கும் ஜாலரின் உயரம்.

6. துணி எப்படி மாட்டப்படுகிறது? கொக்கியா, கயிறா, ஒட்டுப் பட்டியா? எத்தனை இடத்தில்?

துணியின் பரப்பிலும் ஏமாறக் கூடாது. பத்துக்குப் பத்து என்றால் 100 சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள். உச்சி மூன்று அடி உயர்ந்திருந்தால் நாலு சரிவும் சேர்ந்து சுமார் 117 சதுர அடி வரும். தொப்பி, ஜாலர், மடித்துத் தைக்கும் ஓரம் எல்லாம் அதற்கு மேல்.

அதற்காகப் பழைய துணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எந்த இடத்தில் தையல், எந்த இடத்தில் பட்டி, எந்த மூலையில் இரட்டைத் துணி என்று தையற்காரருக்குக் காட்ட அதுவே நல்ல மாதிரி.

எந்தத் துணி நல்ல துணி?

கடையில் ஐந்து வகை கண்ணில் படும்.

கித்தான்: பருத்தி நூலில் நெய்த பழைய காலத்துச் சரக்கு. அடியில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். நனைந்தால் கனக்கும், சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் காயாமல் கிடந்தால் கரும்புள்ளி பூத்துவிடும்.

பாலியஸ்டர்: பெட்டியில் அடைத்து வரும் பந்தல்களில் பெரும்பாலும் இதுதான். லேசானது, விலை மலிவு. மேலே பூசிய மெழுகு மாதிரியான பூச்சு இருக்கும் வரை தண்ணீர் ஒழுகாது. வெயிலில் சாயமும் போகும், நூலின் பலமும் போகும்.

அக்ரிலிக்: நூலாகத் திரிக்கும் முன்பே சாயம் கலந்தது. பீட்ரூட்டை வெட்டினால் உள்ளேயும் சிவப்பு. ஆப்பிளை வெட்டினால் தோல் மட்டும் சிவப்பு. இது பீட்ரூட் ஜாதி. வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்காது. விலை அதிகம்.

பி.வி.சி. பூசிய தார்ப்பாய்: லாரியில் மூடுகிற சரக்கு. சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. காற்றும் வராது. மத்தியானம் அடியில் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கனமும் அதிகம். மெல்லிய கால் தாங்காது.

நிழல்வலை: நர்சரிகளில் பார்க்கும் பச்சை வலை. 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று, எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கில் விற்பார்கள். மழைக்கு உதவாது. ஆனால் காற்று ஊடுருவிப் போகும். சட்டத்தின் மீது விழும் பலம் குறையும். உயரமான மாடிகளில், வெயிலுக்கு மட்டும் நிழல் போதும் என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

ஆறாவதாக ஒன்று, காசில்லாமல் கிடைப்பது: கழற்றிய பிளெக்ஸ் பேனர்! பத்து நாள் விளம்பரத்துக்குச் செய்த சரக்கு அது. வெயிலில் மொடமொடத்து உடையும். தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். தயவு செய்து வேண்டாம்.

நகைக்கடைத் தராசு போதும்!

"இது 250 ஜி.எஸ்.எம். சார், கெட்டித் துணி" என்பார் கடைக்காரர். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். எண் கூடினால் துணி கனம் என்று அர்த்தம்.

சொன்ன எடை சரியா? சோதிப்பது சுலபம். மாதிரித் துணியில் பத்து சென்டி மீட்டருக்குப் பத்து சென்டி மீட்டர் சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசில் போட வேண்டும். எத்தனை கிராமோ அதை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். இரண்டரை கிராம் இருந்தால் 250. ஒன்றரைதான் இருந்தால் அது 150 துணி!

கனம் மட்டும் பார்த்தால் போதாது. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருஷத்துக்கு இரண்டு தடவை நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை. நிழலே காலடியில் ஒடுங்கும் நாட்கள் அவை. புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி பக்குவம் செய்த துணியா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது.

துணி நன்றாக இருந்தும் நூல் கெட்டதால் போன பந்தல்கள் உண்டு. தையல் நூல் பருத்தியாக இருந்தால் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுப்போகும். வெளி உபயோகத்துக்கான பாலியஸ்டர் நூலில், இரட்டைத் தையல் போடச் சொல்ல வேண்டும். மூலைக்கு இரட்டைத் துணி கேட்டு வாங்க வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. கயிறு கோக்கும் கண் வளையம் சாதா இரும்பாக இருந்தால் துரு பிடித்து, துணியையும் சேர்த்து அரிக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு வளையம் கேட்பது உத்தமம்.

கலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அழுக்கைக் காட்டிக் கொடுக்கும். அடர் நிறம் கண் கூசாமல் நிழல் தரும், ஆனால் துணியே சூடேறும். வீட்டில் யார் உத்தரவு போடுகிறார்களோ அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்!

தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி

காற்றுக்குத் தப்பிய பந்தல் மழையில் விழுவதும் உண்டு. துணி தொய்வாக இருந்தால் நடுவில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் இன்னும் தொய்யும். தொய்ந்தால் இன்னும் தேங்கும்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டி மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் பத்து கிலோ. இரண்டு சதுர மீட்டரில் ஐந்து சென்டி மீட்டர் நின்றால் நூறு கிலோ! அதாவது இரண்டு மூட்டை சிமெண்ட் தலைக்கு மேலே தொங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மாதிரி விடாமல் மழை பெய்தால் சின்னத் தொய்வு தொட்டியாக மாற அதிக நேரம் பிடிக்காது.

புதுத் துணி மாட்டியதும் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். தம்பட்டம் மாதிரி விறைப்பாக இருந்தால் சரி. பள்ளம் விழுந்தால் தையற்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

தீபாவளி ராக்கெட்

1997 ஜூன் 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கு விழாவில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடிப் பந்தல் எரிந்து மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவை பெரிய கூட்டம் கூடிய பந்தல்கள். வீட்டுப் பந்தலில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனால் நெருப்புக்குச் சின்னது பெரியது தெரியாது.

பருத்தி எரியும். பாலியஸ்டரும் நிழல்வலையும் உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். தீ பரவாமல் தடுக்கும் பக்குவம் செய்த துணி கிடைக்கிறது. கொஞ்சம் காசு கூடினாலும் கேட்டு வாங்கலாம். எந்தத் துணியானாலும் அடியில் அடுப்பு கூடாது. கரி அடுப்பில் சோளம் சுடுவதெல்லாம் பந்தலை விட்டுத் தள்ளியே! சீரியல் பல்பு வயரைத் துணியில் சுற்றுவதும் ஆபத்து. தீபாவளிக்கு முதல் நாள் துணியைக் கழற்றி வைப்பது உத்தமம். அடுத்த தெரு ராக்கெட் நம்ம மாடிக்கு வருவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

கழற்றத் தெரிகிறதா?

ஆகக் கூடி, துணி வாங்கும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதுதான் முக்கியமான கேள்வி: "அண்ணே, இதை எத்தனை நிமிஷத்துல கழட்டலாம்?"

கம்பியால் முறுக்கிக் கட்டியது, ஆணி அடித்தது, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கியது எல்லாம் மாட்டும்போது பலமாகத் தெரியும். புயல் வரும் ராத்திரி அவிழ்க்க வராது. கொக்கியோ, ஒட்டுப் பட்டியோ, உருவினால் அவிழும் முடிச்சோ இருந்தால், இரண்டு பேர் சேர்ந்து சட்டென்று இறக்கிவிடலாம். துணி இல்லாத வெறும் சட்டத்தில் காற்றுக்குப் பிடிமானம் ஏது? பிறகு சட்டத்தையும் சாய்த்துப் படுக்கவைத்து, கைப்பிடிச் சுவரோரம் கயிற்றால் கட்டிவிட்டால் முடிந்தது வேலை.

இறக்கிய துணியை ஈரத்தோடு மடிக்கக் கூடாது. சாதா சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பரணில் போட்டுவிட்டால் மழை முடிந்து பொங்கலுக்குப் புதுசு மாதிரி எடுக்கலாம். வருஷத்தில் இரண்டு மாசம் ஓய்வு கிடைத்தால் துணியின் ஆயுசும் கூடும்.

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் உண்டு. கடலில் போகிற கப்பலுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. மாடியில் துணிக் கூரை வைத்திருப்பவர்களுக்கு நம்பர் முக்கியம் இல்லை. ரேடியோவில் கூண்டு ஏறியது என்று செய்தி கேட்டால் போதும். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓட வேண்டியதுதான்!